பெரு பயணத்தை உயரம் பார்த்துத் திட்டமிடுங்கள்

தென்னமெரிக்காவில் இருக்கும் பெருவுக்குப் போகத் திட்டம் போடுகிறவர்கள் பெரும்பாலும் வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, ஊருக்கு ஊர் எத்தனை கிலோமீட்டர், பஸ்ஸில் எத்தனை மணி நேரம் என்றுதான் பார்க்கிறார்கள். என்னைக் கேட்டால் அதை இரண்டாவதாகப் பாருங்கள் என்பேன். முதலில் பார்க்க வேண்டியது ஒவ்வோர் ஊரும் கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதை. அதிலும் குறிப்பாக, இரவு எங்கே படுத்துத் தூங்கப் போகிறோம் என்பதை.

நாங்கள் அமெரிக்காவில் இருக்கிறோம். தென்காசியிலிருந்து அப்பாவும் அம்மாவும் எங்களோடு சில மாதங்கள் இருக்க வந்திருந்தார்கள். அப்பா ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர். ஆண்டீஸ் மலைத்தொடரைக் கரும்பலகையில் வரைந்து வரைந்தே பணிக்காலம் முழுவதையும் கழித்தவர். "இவ்வளவு தூரம் வந்தாச்சு, அந்த மலையை ஒரு தடவை கண்ணால பாத்துட்டா போதும்மா" என்றார். அப்பாவுக்கு 68 வயது, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறார். அம்மாவுக்கு 63, முழங்கால் வலி உண்டு. பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு பெரு போகலாமா என்று யோசிப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். போகலாம். வரிசையை மட்டும் சரியாகப் போட்டுக்கொள்ள வேண்டும்.

தலைநகர் லிமா கடற்கரை ஊர். குஸ்கோ ஏறத்தாழ 3,400 மீட்டர். டிட்டிகாகா ஏரிக்கரையில் இருக்கும் புனோ 3,800 மீட்டருக்கும் மேல். கழுகு பார்க்கக் கூட்டிப்போகும் கோல்கா பள்ளத்தாக்குக்கு அரெக்கிபாவிலிருந்து போனால், வழியில் 4,900 மீட்டர் உயரமுள்ள ஒரு கணவாயைத் தாண்ட வேண்டும். சமூக ஊடகங்களில் எல்லோரும் படம் போடும் வானவில் மலை, வினிகுன்கா, 5,000 மீட்டரைத் தாண்டியது. தமிழ்நாட்டிலேயே உயரமான தொட்டபெட்டா 2,637 மீட்டர்தான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்த எண்களைத் திரும்பப் படித்துப் பாருங்கள். ஸ்பானியர்கள் வருவதற்கு முன் பெருவை ஆண்ட இன்காக்கள் மலையில் கட்டிய நகரம் மாச்சு பிச்சு. எல்லோரும் மிக உயரம் என்று நினைக்கும் அதுதான் குஸ்கோ, புனோ இரண்டையும்விடத் தாழ்வானது, 2,430 மீட்டர். குஸ்கோவிலிருந்து மாச்சு பிச்சு போவது என்றால் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் கீழே இறங்குவது. எங்கள் திட்டம் முழுவதும் இந்த ஒரு விஷயத்தின் மேல்தான் நின்றது.

3,400 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். அதனால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைகிறது. உடம்பு அதற்குப் பழகிக்கொள்ளும், ஆனால் நாள் எடுக்கும். லிமாவில் காலையில் விமானம் ஏறினால் ஒன்றேகால் மணி நேரத்தில் குஸ்கோ. பழகுவதற்கு உடம்புக்கு நேரமே கிடைக்காது. தலைவலி, குமட்டல், சாப்பாடு பிடிக்காமல் போவது, தூக்கம் கெடுவது எல்லாம் வரும். அங்கே இதை சொரோச்சே என்கிறார்கள். வயதானவர்களுக்குத்தான் வரும் என்பதில்லை. நல்ல உடற்பயிற்சி செய்கிற இளைஞர்கள் படுத்துவிடுவதும், எழுபது வயதுப் பாட்டி சாதாரணமாக நடந்து போவதும் நடக்கும். யாருக்கு வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. அதனால் எல்லோருக்கும் வரும் என்று வைத்துக்கொண்டு திட்டம் போடுவதுதான் நல்லது.

மலைப்பயண மருத்துவர்கள் சொல்லும் பொதுவான விதி ஒன்று உண்டு. 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, தூங்கும் உயரம் ஓர் இரவிலிருந்து அடுத்த இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது. பகலில் கொஞ்சம் மேலே போய்விட்டு இரவுக்கு இறங்கிவிட்டால் பரவாயில்லை. இந்த விதியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தபோது எங்களுக்கு இரண்டு வழி தெரிந்தது. ஒன்று, லிமாவிலிருந்து தரைவழியாகத் தெற்கே போய், 2,300 மீட்டரில் இருக்கும் அரெக்கிபாவில் சில நாள் தங்கி, மெதுவாகக் குஸ்கோ, புனோ என்று ஏறுவது. உடம்புக்கு நல்ல வழி, ஆனால் நீண்ட பஸ் பயணங்கள். இன்னொன்று, குஸ்கோவுக்கு விமானத்தில் போய் இறங்கி, அங்கே தங்காமல் அப்படியே காரில் ஏறிப் புனிதப் பள்ளத்தாக்குக்கு இறங்கிவிடுவது. உருபாம்பா ஆற்றை ஒட்டிய அந்தப் பள்ளத்தாக்கில் உள்ள ஊர்கள் 2,800, 2,900 மீட்டரில் இருக்கின்றன.

நாங்கள் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தோம். லிமா, பிறகு பள்ளத்தாக்கில் ஓயாந்தாய்தம்போ, அங்கிருந்து ரயிலில் மாச்சு பிச்சு, அதற்கப்புறம் குஸ்கோ, கடைசியாகப் புனோ. அங்கிருந்து விமானத்தில் திரும்ப லிமா. சுற்றுலா நிறுவனங்கள் தரும் பட்டியலில் பெரும்பாலும் குஸ்கோவில் முதல் இரவு என்று போட்டிருக்கும். ஓட்டலை மாற்றிக் கொடுங்கள் என்று கேட்டால் மாற்றிக் கொடுப்பார்கள். தயங்காமல் கேளுங்கள்.

கிளம்புவதற்கு முன் அப்பாவையும் அம்மாவையும் மருத்துவரிடம் அழைத்துப் போனோம். உயரத்துக்கு அசிட்டசோலமைடு என்ற மாத்திரை உண்டு. டயமாக்ஸ் என்ற பெயரில் பலருக்குத் தெரிந்திருக்கும். மேலே போவதற்கு முந்தைய நாளே தொடங்க வேண்டும், அடிக்கடி சிறுநீர் வரும், விரல் நுனி மரத்தது போல இருக்கும். சல்ஃபா மருந்து ஒவ்வாமை உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளோடு ஒத்துப்போகுமா என்று மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும், பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிட்டார் என்று வாங்கிக் கொடுக்காதீர்கள். இதய நோய், நுரையீரல் நோய் உள்ளவர்கள் என்றால் போகலாமா என்பதையே மருத்துவரிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

விசா பற்றி இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகள் ஆகியவற்றில் ஒன்றின் விசா குறைந்தது 6 மாதம் செல்லுபடியாகும்படி இருந்தாலோ, அங்கே நிரந்தரமாக வசிக்கும் உரிமை இருந்தாலோ, சுற்றுலாவுக்குப் பெரு விசா தனியாக வேண்டாம். அப்பா, அம்மாவிடம் அமெரிக்கச் சுற்றுலா விசா இருந்தது, அதிலேயே போய்வந்தார்கள். ஆனால் விமான நிலையத்தில் செக்-இன் செய்த ஊழியருக்கு இந்த விதி தெரியவில்லை. மேலதிகாரியைக் கூப்பிட்டு, கணினியில் தேடி, அரை மணி நேரம் ஆகிவிட்டது. பெரு தூதரகம் வெளியிட்டிருக்கும் விதியை அச்செடுத்து வைத்திருந்ததால் அதோடு முடிந்தது. விதிகள் மாறும். பயணத்துக்கு முன் தூதரகத்தில் உறுதி செய்துகொண்டு, அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகளின் பட்டியலில் பெருவை இந்தியா வைத்திருக்கிறது. பெருவிலிருந்து கிளம்பி 6 நாட்களுக்குள் இந்தியாவில் இறங்கினால், தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள். இல்லையென்றால் தனிமைப்படுத்த அவர்களுக்கு அதிகாரம் உண்டு. குஸ்கோ, மாச்சு பிச்சு, புனோ மட்டும் போகிறவர்களுக்கு நோய் பயம் இல்லாவிட்டாலும் சான்றிதழ் பிரச்சினை வரும். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும். அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு இந்த ஊசி போடுவதில் மருத்துவர்கள் கூடுதல் கவனம் எடுப்பார்கள். அப்பா, அம்மா பெருவிலிருந்து திரும்பி எங்களோடு சில வாரம் இருந்துவிட்டுத்தான் ஊருக்குப் போனார்கள் என்பதால் அவர்களுக்கு ஊசி தேவைப்படவில்லை. சென்னையிலிருந்து நேராகப் போய்த் திரும்புகிறவர்கள் இதை மறந்துவிடாதீர்கள்.

எந்த மாதம் போவது என்றால், மே முதல் செப்டம்பர் வரை மலையில் மழை குறைவு, வானம் தெளிவாக இருக்கும். ஜூன், ஜூலையில் கூட்டம் அதிகம். ஜூன் 24 அன்று குஸ்கோவில் இந்தி ராய்மி என்ற சூரியத் திருவிழா நடக்கும், அப்போது அறை கிடைப்பதே கஷ்டம். ஜனவரி, பிப்ரவரி கனமழைக் காலம். 2010 ஜனவரியில் மழையும் மண்சரிவும் ரயில் பாதையைத் துண்டித்ததில், மாச்சு பிச்சு அடிவார ஊரில் ஆயிரக்கணக்கான பயணிகள் மாட்டிக்கொண்டு ஹெலிகாப்டரில் மீட்கப்பட்டார்கள். நாங்கள் மே மாதத்தைத் தேர்ந்தெடுத்தோம். மழை நின்று மலைச்சரிவெல்லாம் இன்னும் பச்சையாக இருக்கும் நேரம் அது.

பதிவு செய்வதில் மாச்சு பிச்சு நுழைவுச்சீட்டுதான் முதலில். அது கிடைத்த பிறகு ரயில், அதற்கப்புறம் ஓட்டல், கடைசியில் உள்நாட்டு விமானம். மாச்சு பிச்சுவுக்குள் ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று வரையறை இருக்கிறது. நுழையும் நேரமும் சீட்டிலேயே குறிக்கப்பட்டிருக்கும். 2024-இலிருந்து உள்ளே மூன்று சுற்றுகள், ஒவ்வொன்றுக்கும் சில பாதைகள் என்று பிரித்திருக்கிறார்கள். ஒரு சுற்றுக்குச் சீட்டு வாங்கிவிட்டு இன்னொன்றில் நடக்க முடியாது. முதல் சுற்று மேலிருந்து பார்ப்பது, எல்லோரும் எடுக்கும் அந்தப் படம் கிடைக்கும், ஆனால் ஊருக்குள் போக முடியாது. இரண்டாவது சுற்றில் படமும் உண்டு, ஊருக்குள் நடக்கவும் முடியும். மூன்றாவது தாழ்வான பகுதி, படிகள் குறைவு. எனக்கும் என் கணவருக்கும் இரண்டாவது, அப்பா அம்மாவுக்கு மூன்றாவது என்று முதலில் நினைத்தோம். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "மேல நின்னு பாக்காம எதுக்கும்மா அங்க போறது?" என்றார். எல்லோரும் இரண்டாவது சுற்றுக்கே வாங்கினோம். முழங்கால் பிரச்சினை உள்ளவர்களுக்கு அது சுலபமான பாதை இல்லை, அம்மா ஒவ்வொரு படியாக நின்று நின்றுதான் ஏறினாள்.

சீட்டு வாங்கும்போது பெயர் விஷயத்தில் நம் ஆட்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. அப்பாவின் கடவுச்சீட்டில் குடும்பப்பெயர் என்ற இடம் காலி. அங்கே எல்லாப் படிவங்களிலும் குடும்பப்பெயர் கட்டாயம், காலியாக விட்டால் அடுத்த பக்கம் போகாது. நாங்கள் இரண்டு இடத்திலும் அதே பெயரையே நிரப்பினோம். ரயில், நுழைவுச்சீட்டு, பஸ் என்று எல்லாவற்றிலும் ஒரே மாதிரி நிரப்பியதால் எங்கும் தடை வரவில்லை. வாசலில் அவர்கள் கவனமாகப் பார்ப்பது கடவுச்சீட்டு எண்ணைத்தான். அசல் கடவுச்சீட்டு கையில் இருக்க வேண்டும்.

குஸ்கோ விமான நிலையத்தில் இறங்கியதும் அப்பாவும் அம்மாவும் மெதுவாகத்தான் நடந்தார்கள். பெட்டிகளை அவர்கள் தூக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தோம். வாசலிலேயே கார் காத்திருந்தது. பள்ளத்தாக்குக்குப் போகும் சாலை உடனே இறங்காது. முதலில் சின்செரோ பக்கம் கொஞ்சம் மேலே ஏறி, பிறகுதான் இறங்கத் தொடங்கும். அந்த மேட்டில் காரை நிறுத்தி இறங்கிப் படம் எடுத்துக்கொண்டு நிற்க வேண்டாம், பார்ப்பதைக் காருக்குள்ளிருந்தே பார்த்துக்கொள்ளலாம். உருபாம்பாவுக்கு இறங்கிய பிறகு அம்மா, "இப்பதான் மூச்சு நல்லா வருது" என்றாள்.

முதல் இரண்டு நாளும் ஓயாந்தாய்தம்போவில் பெரிதாக எதுவும் செய்யவில்லை. சும்மா இருப்பதற்கு அதைவிட நல்ல ஊர் கிடையாது. இன்கா காலத்தில் போட்ட தெருக்களில்தான் மக்கள் இன்றும் குடியிருக்கிறார்கள். குறுகலான சந்துகள், இரண்டு பக்கமும் கல்சுவர், ஓரத்தில் கல் பாவிய வாய்க்காலில் மலைத்தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். காலையில் ஒரு பெண்மணி வாசலில் உட்கார்ந்து, அந்தத் தண்ணீரிலேயே கீரையை அலசிக்கொண்டிருந்தார். அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள். அவருக்கு மலைமக்களின் மொழியான கெச்சுவாவும் கொஞ்சம் ஸ்பானிஷும், அம்மாவுக்குத் தமிழ் மட்டும். கீரையைக் காட்டி, அடுப்பைக் காட்டி, எப்படிச் சமைப்பீர்கள் என்பதுவரை பேசி முடித்துவிட்டார்கள்.

உடம்பு பழகிய பிறகு மேலே இருக்கும் கோயிலுக்கு ஏறினோம். ஆறு பெரிய செந்நிறக் கற்கள் வரிசையாக நிற்கின்றன. அந்தக் கற்களை வெட்டிய இடம் ஆற்றுக்கு அந்தப் பக்கம், எதிர்மலையில் இருக்கிறது. அங்கிருந்து இறக்கி, ஆற்றைக் கடந்து, மறுபடியும் இந்த மலைமேல் ஏற்றியிருக்கிறார்கள். சக்கரமோ குதிரையோ மாடோ இல்லாத மக்கள். ஏற்றும் வழியிலேயே நின்றுபோன கற்கள் சில இன்னும் அடிவாரத்தில் கிடக்கின்றன. அப்பா அந்தக் கற்களில் ஒன்றைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

மாராஸ் உப்பளத்தையும் விட்டுவிடாதீர்கள். 3,000 மீட்டருக்கு மேலே, மலைச்சரிவில் ஆயிரக்கணக்கான சின்னச் சின்னப் பாத்திகள். மலைக்குள்ளிருந்து வரும் உப்பு ஊற்று ஒன்றை வாய்க்கால் வெட்டிப் பாத்தி பாத்தியாகப் பாய்ச்சிக் காய வைக்கிறார்கள். ஒவ்வொரு பாத்தியும் ஊரில் ஒரு குடும்பத்துக்குச் சொந்தம். "நம்ம தூத்துக்குடியைத் தூக்கி மலை மேல வச்ச மாதிரி இருக்கு" என்றாள் அம்மா. கடலே இல்லாத இடத்தில் உப்பு எப்படி என்று என் கணவர் கேட்டதுதான் தாமதம், மலை எழும்புவதற்கு முன் இங்கே இருந்த கடலைப் பற்றி அப்பா பாடம் எடுக்கத் தொடங்கிவிட்டார். "விளங்குதா மாப்பிள்ளை?" என்று நடுநடுவே கேட்டுக்கொண்டார். பக்கத்தில் நின்றவர்களும் கை ஆட்டலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மாச்சு பிச்சு அடிவார ஊரான அகுவாஸ் கலியெந்தெஸுக்குக் கார் சாலை கிடையாது. ரயில், இல்லாவிட்டால் நடை. ரயிலில் சின்னப் பைதான் அனுமதி, பெரிய பெட்டிகளை ஓயாந்தாய்தம்போ ஓட்டலிலேயே வைத்துவிட்டுப் போகலாம், எல்லா ஓட்டல்களும் வைத்துக்கொள்ளும். அந்த ஊரில் ஓர் இரவு தங்குவது பெரியவர்களுக்கு அவசியம். ஒரே நாளில் போய்த் திரும்பினால் ரயிலும் வரிசையுமாகவே பொழுது போய்விடும். மேலே போக வளைந்து வளைந்து ஏறும் பஸ், அரை மணி நேரம்.

உள்ளே போனால் ஒரு வழிப் பாதை, திரும்பி வர முடியாது. கழிப்பறை வாசலுக்கு வெளியே மட்டும்தான், உள்ளே எங்கும் இல்லை. டயமாக்ஸ் சாப்பிடுகிறவர்கள் இதைக் கட்டாயம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஊன்றுகோல் வயதானவர்களுக்கு அனுமதி உண்டு, ஆனால் அடியில் ரப்பர் பொருத்தியிருக்க வேண்டும். சாப்பாடு உள்ளே கொண்டுபோகக் கூடாது.

நாங்கள் நுழைந்தபோது மூடுபனி. எதிரில் பத்தடிகூடத் தெரியவில்லை. வழிகாட்டி அவசரப்படாமல் மேல்தளத்தில் ஓர் ஓரமாக நிற்கச் சொன்னார். நல்ல வழிகாட்டிக்கு அடையாளம் அதுதான். பனி கீழிருந்து மேலே எழும்பி, முதலில் வய்னா பிச்சு சிகரத்தின் நுனி, அப்புறம் அடுக்கு வயல்கள், கடைசியில் கூரையில்லாத வீடுகள் என்று ஒவ்வொன்றாகத் தெரிந்தது. அப்பா ஒன்றும் பேசவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

அந்த அடுக்கு வயல்களைப் பற்றி வழிகாட்டி சொன்னதை இங்கே எழுதியே ஆக வேண்டும். அங்கே ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 மில்லிமீட்டர் மழை. செங்குத்தான சரிவு. சாதாரணமாகப் பார்த்தால் ஊரே எப்போதோ ஆற்றுக்குள் சரிந்திருக்க வேண்டும். ஒவ்வோர் அடுக்குக்கும் அடியில் பெரிய கல், அதன்மேல் சரளை, அதன்மேல் மணல், கடைசியில் வயல் மண் என்று போட்டிருக்கிறார்கள். எவ்வளவு மழை கொட்டினாலும் தண்ணீர் தேங்காமல் வடிந்துவிடும். நாம் பார்க்கும் அழகான ஊருக்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாத பெரிய வேலை ஒன்று ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஊரைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. படம் எடுக்கும் அவசரத்தில் இதைக் கேட்காமல் வந்துவிடாதீர்கள்.

அதற்குப் பிறகு குஸ்கோ. உடம்பு அதற்குள் பழகியிருந்ததால் மெதுவாக நடந்தால் யாருக்கும் கஷ்டமில்லை. ஓட்டல் எடுக்கும்போது பெரிய சதுக்கத்தை ஒட்டிய சமதளமான தெருவில் எடுங்கள். சான் பிளாஸ் பகுதி பார்க்க மிக அழகு, ஆனால் எல்லாம் படிக்கட்டுத் தெரு, ஒவ்வொரு முறை அறைக்குத் திரும்பும்போதும் மூச்சு வாங்கும். குஸ்கோவையும் பள்ளத்தாக்கையும் சேர்த்து 16 இடங்களுக்கு ஒரே சுற்றுலாச் சீட்டு உண்டு, நாங்கள் வாங்கியபோது 130 சோல் (பெருவின் நாணயம்), 10 நாள் செல்லும். மாச்சு பிச்சு, மாராஸ் உப்பளம் அதில் சேராது. கோரிகாஞ்சா கோயிலுக்கும் தனிச் சீட்டு. அங்கே கட்டாயம் போங்கள். இன்காக்களின் சூரியக் கோயில் மேல் ஸ்பானியர்கள் மடாலயம் கட்டினார்கள். 1950-இல் வந்த நிலநடுக்கத்தில் மடாலயம் பெரும் சேதமடைய, அடியில் இருந்த இன்கா சுவர்கள் அசையாமல் நின்றன. சாந்து இல்லாமல் கல்லோடு கல் பொருத்திய அந்தச் சுவரில் ஒரு முடிகூட நுழையாது.

சாப்பாடு பற்றிக் கேட்காத தமிழர் இல்லை. அப்பா, அம்மா சுத்த சைவம். "சின் கார்னே" (கறி இல்லாமல்) என்று ஸ்பானிஷில் சொன்னால் போதும் என்று நினைக்காதீர்கள். அந்த ஊர்க்காரர்களைப் பொறுத்தவரை கார்னே என்றால் மாட்டிறைச்சி மாதிரி, கோழி வந்து சேரும். "சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காதோ" என்று கறி, கோழி, மீன் மூன்றையும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். கீன்வா என்ற தானியத்தில் செய்யும் சூப் நன்றாக இருக்கும், ஆனால் பல இடங்களில் கறி வேகவைத்த தண்ணீரில்தான் செய்வார்கள், அதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். பெரிய பெரிய மணியுள்ள வேகவைத்த மக்காச்சோளத்தோடு பாலாடைக்கட்டி தருவார்கள், எங்களுக்கு அது மிகவும் பிடித்துப்போனது. சோறு எங்கும் கிடைக்கும். உருளைக்கிழங்கின் தாயகமே இந்த மலைதான், சந்தையில் கறுப்பு, ஊதா, மஞ்சள் என்று குவித்து வைத்திருப்பார்கள். ரொக்கோத்தோ என்று ஒரு மிளகாய் உண்டு, பார்க்கக் குடைமிளகாய் மாதிரி இருக்கும், காரம் நம் ஊர் மிளகாய்க்குக் குறையாது.

சமைத்துக்கொள்ளலாம் என்று பருப்பும் அரிசியும் கொண்டுபோகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். குஸ்கோ உயரத்தில் தண்ணீர் 90 டிகிரிக்கும் குறைவாகவே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் பருப்பு லேசில் வேகாது. அவல் கொண்டுபோங்கள். கெட்டில் வெந்நீரை ஊற்றி மூடி வைத்து, கொஞ்சம் ஊறுகாய் தொட்டுக்கொண்டால் ராத்திரிக்கு அதுவே போதும். உயரத்தில் ராத்திரி வயிறு முட்டச் சாப்பிடக் கூடாது, சீரணமும் மெதுவாகத்தான் நடக்கும்.

ஓட்டல்களில் கோக்கா இலைத் தேநீர் கொடுப்பார்கள். அங்கே அது சட்டப்படி செல்லும், தலைமுறை தலைமுறையாகக் குடிப்பது. ஆனால் அந்த இலையையோ தேநீர்ப் பையையோ அமெரிக்காவுக்கோ இந்தியாவுக்கோ கொண்டுவரக் கூடாது, நினைவுப்பொருள் என்று பையில் போட்டுவிடாதீர்கள். வேலையில் போதைப்பொருள் சோதனை உள்ளவர்கள் குடிக்காமல் இருப்பது நல்லது, சோதனையில் காட்டும். அம்மாவுக்கு முன்யா என்ற மலைப்புதினாத் தேநீர் பிடித்துப்போய் அதையே கேட்டு வாங்கிக் குடித்தாள்.

குஸ்கோவிலிருந்து புனோ கிளம்ப வேண்டிய காலையில் சாலை மறியல் என்று செய்தி வந்தது. தெற்கு மலைப்பகுதியில் இது அடிக்கடி நடக்கும். 2023 தொடக்கத்தில் போராட்டங்களால் மாச்சு பிச்சுவே சில வாரம் மூடப்பட்டிருந்தது. எங்கள் திட்டத்தில் எந்த ஊருக்கும் ஒதுக்காமல் ஒரு நாளை வைத்திருந்தோம். அந்த நாளைக் குஸ்கோவில் செலவழித்துவிட்டு மறுநாள் கிளம்பினோம். மலை நாட்டுக்குப் போகும்போது இப்படி ஒரு வெறும் நாள் கட்டாயம் வேண்டும். இன்னோர் இடத்தைச் சேர்க்கலாமே என்று ஆசை வரும், சேர்க்காதீர்கள். வானவில் மலையை நாங்கள் விட்டது அப்படித்தான். அதிகாலை மூன்று மணிக்குக் கிளம்பி, 5,000 மீட்டர் ஏறி, கூட்டத்தோடு ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்புவதில் பெரியவர்களுக்கு வேதனைதான் மிஞ்சும்.

புனோ போகும் சாலை லா ராயா என்ற கணவாயில் 4,300 மீட்டரைத் தாண்டுகிறது. பகல் பஸ்ஸில் போங்கள், வழியில் ரக்சி போன்ற இன்கா இடங்களில் நிறுத்துவார்கள். புனோவில் முதல் இரவு அப்பாவுக்குத் தலைவலி, தூக்கம் வரவில்லை. விரலில் மாட்டிப் பார்க்கும் ஆக்சிஜன் கருவி வைத்திருந்தோம், 85 என்று காட்டியது. ஊரில் அந்த எண்ணைப் பார்த்தால் ஆம்புலன்ஸைக் கூப்பிடுவோம். அந்த உயரத்தில் பலருக்கும் அப்படித்தான் இருக்கும். அந்த எண்ணைவிட ஆளைப் பார்ப்பது முக்கியம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், நடை தள்ளாடினால், பேச்சு குழறினால், விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் போக வேண்டும், கீழே இறங்க வேண்டும். அப்பாவுக்கு அப்படி எதுவும் இல்லை. ஓட்டலில் ஆக்சிஜன் சிலிண்டர் வைத்திருந்தார்கள், கொஞ்ச நேரம் கொடுத்தார்கள், தலையணையை உயர்த்தி வைத்துத் தூங்கிவிட்டார். அறை எடுக்கும்போதே ஆக்சிஜன் இருக்கிறதா, அறையில் வெப்பமூட்டி இருக்கிறதா என்று இரண்டையும் கேட்டுவிடுங்கள். மே மாத இரவில் புனோ குளிர் எலும்பு வரை இறங்கும்.

மறுநாள் டிட்டிகாகா ஏரியில் ஊரோஸ் மக்களின் மிதக்கும் தீவுகளுக்குப் போனோம். தோத்தோரா என்ற கோரைதான் அங்கே தரை, வீடு, படகு எல்லாம். கீழே உள்ளது அழுக அழுக மேலே புதுக் கோரையைப் பரப்பிக்கொண்டே இருக்கிறார்கள். கால் வைத்தால் மெத்து மெத்தென்று அமுங்கும். அம்மாவின் முழங்காலுக்கு அதைவிட நல்ல தரை அந்தப் பயணத்தில் வேறெங்கும் கிடைக்கவில்லை. தகிலே தீவுக்கு நாங்கள் போகவில்லை, படகுத்துறையிலிருந்து மேலே ஏற நூற்றுக்கணக்கான படிகள். அங்கே ஆண்களே தொப்பி பின்னுவார்கள், அந்த நெசவுக்கு யுனெஸ்கோ அங்கீகாரம் உண்டு. முழங்கால் நன்றாக இருப்பவர்கள் ஒரு நாள் ஒதுக்கிப் போய்வாருங்கள்.

புனோவுக்கு அருகில் விமான நிலையம் இருப்பது ஜூலியாகாவில், காரில் ஒரு மணி நேரம். மலைப்பகுதி விமானங்கள் வானிலையால் தாமதமாவதும் ரத்தாவதும் உண்டு. அதனால் லிமாவிலிருந்து கிளம்பும் வெளிநாட்டு விமானத்தை அதே நாளில் போட்டுவிடாதீர்கள். லிமாவில் ஓர் இரவு தங்குங்கள். கடலை ஒட்டிய மிராஃப்ளோரெஸ் பகுதியில் மாலையில் நடக்க நல்ல பூங்காக்கள் இருக்கின்றன, லார்கோ அருங்காட்சியகத்தில் இன்காக்களுக்கு முந்தைய மண்பாண்டங்களைப் பார்க்கலாம். விமான நிலையம் போகும்போது மட்டும் லிமா போக்குவரத்து நெரிசலைக் கணக்கில் சேர்க்காமல் கிளம்பாதீர்கள். மிராஃப்ளோரெஸிலிருந்து எங்களுக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது.